மூன்று ஆட்டம், இரண்டு புள்ளி

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு
வுட்பிரிட்ஜில் வைத்து ஒருவனுடைய வேலை போகப்போகிறது.
ஆள் இருப்பது தூரினில்.
அவனை நீக்குகிற கூட்டம் இங்கே,
ஏழாம் நெடுஞ்சாலை ஓரம்,
டயர்க் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்.

தலைமை டீனோ.
மாதுளைத் தோல் நிறத்தில் சட்டை,
நெஞ்சில் காளை,
காளையின் கொம்பில் நேற்றைய தக்காளிக் கறை.
"மூன்று ஆட்டம். இரண்டு புள்ளி.
பின்னுக்கு மூன்று பேரை நிறுத்துகிறான்,
மூன்று பேரும் ஒரே பந்துக்கு ஓடுகிறார்கள்.
ஆளை மாற்று."

நாப்போலிக்காரர் ஜெனாரோ
முதலிடத்தில் இருக்கிறவர்களின் கருணையோடு
கோப்பிக்குச் சீனி கலக்குகிறார்: "பாவம், விடு."
யுவெண்டஸ் மேசை சிரிக்கவில்லை.
அவர்களுக்கும் இந்த வருடம் நடுக்களம் ஓட்டை.
பக்கத்து வீட்டுக் கூரை எரிகையில்
தங்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் மாதிரி
இருக்கிறார்கள்.

இன்னும் செப்டெம்பர் முடியவில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
இவர்கள் உலை கொதிக்க முன்னமே
அரிசியை நசுக்கிப் பார்க்கிற சனம்.

நான் மூலைக் கதிரையில்.
கலிஸ்ரா என்ற பெயரைச் சுருக்கிவிட்டார்கள்.
கதவைத் திறந்தால் கடையே கத்தும்:
"கலி வந்துவிட்டது!"
அதற்குத் தமிழில் என்ன பொருள் என்று
நான் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் தோற்கிற நாளெல்லாம் என் தலையில் விழும்.

டீனோவுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று:
உறைந்த ராவியோலி செய்யும் ஆலையில்
இரண்டாம் வரிசைக்கு நான் மேற்பார்வை,
வந்து மூன்றே கிழமை.
தொண்ணூறு நாள் தகுதிகாண் காலம்.
ஆலை மனேஜர் டீனோ.

முதல் கிழமை பொதி இயந்திரம் இரண்டு தரம் நின்றது.
இரண்டாம் கிழமை கீரை ராவியோலி
இறைச்சிப் பெட்டிக்குள் போனது, நானூறு பெட்டி.
மூன்றாம் கிழமை ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை யாரும் எழுதி வைப்பதில்லை.

திரையில் அவனைக் காட்டினார்கள்.
கோட்டுப் பித்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தான்.
தண்ணீர்ப் போத்தலை நான்கு தரம் எடுத்து
நான்கு தரமும் குடிக்காமல் வைத்தான்.
எனக்குத் தெரிந்த கை அது.

"அவனில் பிழை சொல்லாதீர்கள்" என்றேன்.
"இடது பக்கப் பையன் ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தான்.
கோல் அடிக்கிறவனுக்கு முழங்கால் சரியில்லை.
போன வருடத்து ஆள் பழக்கிவிட்டது
இன்னும் இவர்கள் காலில் இருக்கிறது.
பின்வரிசையில் நடுவில் நிற்பவனைப் பாருங்கள்,
இன்றைக்கு அவன் பந்துக்கு ஓடவில்லை.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
சொன்னது காலுக்குப் போய்ச் சேர நாள் எடுக்கும்!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
ஜெனாரோவின் கரண்டி நின்றது.
தூரின் பயிற்சியாளனுக்காக
இந்தக் கடையில் யாரும் இப்படிப் பேசியதில்லை,
அதுவும் ஒரு லெச்சே ரசிகை.

ஏன் லெச்சே என்று கேட்காதீர்கள்.
மஞ்சளும் சிவப்பும், கழிவு விலையில் பத்து டொலர்.
வாங்கிப் போட்ட பிறகு விட முடியவில்லை.

எண்பத்தெட்டாம் நிமிடம்
எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
டீனோ சிலுவை போட்டுக்கொண்டார்.
பூச்சியத்துக்குப் பூச்சியம்.
நான்கு ஆட்டம், மூன்று புள்ளி.

எழுந்து, கறையை நகத்தால் சுரண்டி,
கதவடியில் நின்று, திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"சரி. நவம்பர் கடைசி மட்டும் பார்ப்போம்."

யாரை என்று நான் கேட்கவில்லை.

என் தொண்ணூறு நாளும் அந்தக் கிழமைதான் முடிகிறது.
அன்றைக்குத் தூரினுக்கு யாரோடு ஆட்டம் என்று
பஸ்ஸில் வரும்போது தேடினேன்.

லெச்சேயோடு.

கலி முற்றிவிட்டது.